நிலவேம்புச் சாறு: டெங்கு வைரஸுடன் கலந்தால் 90% குறைவு, பிறகு சேர்த்தால் 20% – எதை எழுதுவது?

கேட்டவர்: வெண்தட்டு

வணக்கம். முதுநிலைத் திட்ட வேலையில் ஓரிடத்தில் முட்டி நிற்கிறோம். நிலவேம்பு இலையின் எத்தனால் சாறு, விலைக்கு வாங்கிய ஆண்ட்ரோகிராஃபோலைடு (நிலவேம்பின் கசப்புப் பொருள், 98% தூய்மை), குவெர்செட்டின் (ஒரு தாவர ஃபிளவனாய்டு) மூன்றையும் டெங்கு-2 வைரஸுக்கு எதிராக வீரோ செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்) பார்த்தோம். வைரஸ் நியூ கினி சி என்ற ஆய்வக வகை.

சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் 20 மி.கி./மி.லி. என்று கரைத்து வைத்திருக்கிறோம். தட்டில் போட்ட அதிகபட்ச அளவு 100 மைக்ரோகிராம்/மி.லி. செல் நச்சுக்கு 96 குழித் தட்டு, 10% சீரம், 48 மணி நேரம், எம்.டி.டி. (உயிருள்ள செல்லில் ஊதாவாகும் சாயம்). மேல் இரண்டு அளவுகளில் உயிர்ப்பு 118%, 131% என்று வருகிறது. அதனால் ‘நச்சில்லை, சி.சி.50 (பாதிச் செல்லைக் கொல்லும் அளவு) நூறுக்கு மேல்’ என்று எழுதிவிட்டோம்.

பிளாக் (வைரஸ் செல்லை அழித்து உண்டாக்கும் வெற்றிடம்) சோதனைக்கு 24 குழித் தட்டு, குழிக்குச் சுமார் 40 பிளாக் வரும்படி வைரஸ், 2% சீரம், சி.எம்.சி. ஓவர்லே (வைரஸ் பரவாமலிருக்க மேலே ஊற்றும் கெட்டியான கரைசல்), 6 நாள். சாற்றையும் வைரஸையும் ஒரு மணி நேரம் ஒன்றாக வைத்துச் செல் மேல் ஊற்றினால் 50 மைக்ரோகிராமில் 90% குறைகிறது. வைரஸ் உள்ளே போன பிறகு சாற்றை 2 மணி நேரம் வைத்து, கழுவி, ஓவர்லே போட்டால் 20% தான்.

குவெர்செட்டின் 25 மைக்ரோமோலாரில் டெங்குவின் என்.எஸ்.2பி-என்.எஸ்.3 புரோட்டியேஸை (வைரஸ் புரதத்தை வெட்டும் நொதி) 70% தடுக்கிறது. டாக்கிங் (கணினியில் பொருளைப் புரதத்தில் பொருத்திப் பார்ப்பது) மதிப்பு −9.1.

ஆய்வறிக்கையில் 90ஐ எழுதுவதா, 20ஐ எழுதுவதா? செயல்முறை விளக்கத்துக்கு டாக்கிங் போதுமா?

பதில்: செல்லறை

முதலில் அந்த 131%. அது நல்ல சகுனம் இல்லை. எம்.டி.டி.யை ஊதா ஃபார்மசானாக மாற்றுவது உயிருள்ள செல்லின் நொதி மட்டும் அல்ல. பாலிஃபீனால் நிறைந்த எந்தச் சாறும் அதைத் தானே ஒடுக்கி நிறம் மாற்றிவிடும். செல் செத்துக் கிடந்தாலும் குழி ஊதாவாகத்தான் தெரியும்.

பத்து நிமிட வேலைதான், செய்து பாருங்கள். செல் இல்லாத மூன்று குழிகளில் ஊடகமும் 100 மைக்ரோகிராம் சாறும் விட்டு, 0.5 மி.கி./மி.லி. எம்.டி.டி. சேர்த்து, 37 டிகிரியில் 3 மணி நேரம் வையுங்கள். பக்கத்திலேயே சாறு இல்லாத மூன்று குழிகள். சாற்றுக் குழி கருத்து வந்தால் உங்கள் சி.சி.50 மொத்தமும் சந்தேகம். எம்.டி.டி. சேர்க்கும் முன் பி.பி.எஸ். உப்புக்கரைசலில் இரண்டு முறை கழுவினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு ஏ.டி.பி. ஒளிர்வு முறையோ நியூட்ரல் ரெட்டோ கொண்டு உறுதிப்படுத்துங்கள்.

இதைவிடப் பெரிய கோளாறு, உங்கள் இரண்டு சோதனைகளும் ஒன்றோடொன்று பேசவில்லை. நச்சு பார்த்தது 10% சீரத்தில் 48 மணி நேரம். வைரஸ் பார்த்தது 2% சீரத்தில் 6 நாள். குவெர்செட்டின் மாதிரிப் பொருள்கள் ஆல்புமினோடு இறுக ஒட்டிக்கொள்பவை; 10% சீரத்தில் சாதுவாக இருப்பது 2%ல் செல்லைப் படுத்திவிடும். செல் சாகவே வேண்டாம், பெருகுவது மந்தமானாலே பிளாக் சிறுத்து எண்ண முடியாமல் போய்விடும். அதே சீரம், அதே செல் அடர்த்தி, மருந்து தட்டில் இருக்கும் அதே கால அளவு – இந்த மூன்றும் பொருந்திய சி.சி.50ஐத்தான் இ.சி.50ஆல் (வைரஸைப் பாதியாகக் குறைக்கும் அளவு) வகுத்துத் தேர்வுத்திறன் சொல்ல வேண்டும். அந்த எண் 10ஐத் தாண்டினால் மேலே பேசலாம்.

20 மி.கி./மி.லி.யிலிருந்து 100 மைக்ரோகிராமுக்கு வந்தால் 200 மடங்கு நீர்ப்பு, அதாவது 0.5% டி.எம்.எஸ்.ஓ. வீரோ தாங்கும், ஆனால் வரம்பின் விளிம்பு அது. கட்டுப்பாட்டுக் குழிகளிலும், சாறு குறைவான குழிகளிலும் அதே 0.5% இருந்ததா? கீழ் அளவுகளை ஊடகத்தில் நீர்த்திருந்தால் டி.எம்.எஸ்.ஓ.வும் சேர்ந்து குறைந்திருக்கும். நீர்ப்பு வரிசையை டி.எம்.எஸ்.ஓ.விலேயே செய்து, கடைசியில் ஒரே விகிதத்தில் ஊடகத்துக்கு மாற்றுங்கள்.

கரைசலை எந்த வடிகட்டியில் சலித்தீர்கள்? செல்லுலோஸ் அசிடேட் என்றால் டி.எம்.எஸ்.ஓ. அந்தச் சவ்வையே கரைக்கும். 0.22 மைக்ரான் பி.டி.எஃப்.இ. வாங்குங்கள்.

இன்னொன்று, இலைச் சாறு பச்சையாக இருந்திருக்குமே? பச்சையம் சிதைந்தால் வரும் ஃபியோஃபார்பைடு ஒளி பட்டதும் உறை உள்ள வைரஸ்களை அழிக்கும். லாமினார் விளக்கடியில் ஒரு மணி நேரம் கலந்து வைத்த உங்கள் 90%ல் இதற்கும் பங்கு இருக்கலாம். ஒரு தட்டை அலுமினியத் தாளில் சுற்றி, விளக்கை அணைத்துச் செய்து ஒப்பிடுங்கள்.

பதில்: பிளாக்கணக்கு

நச்சு பற்றிச் செல்லறை சொன்னதை ஆமோதிக்கிறேன். நான் பிளாக்கைப் பற்றி மட்டும்.

குழிக்கு 40 பிளாக் என்றால் தற்செயல் ஏற்ற இறக்கமே 40இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 6. உங்கள் 20% குறைவு என்பது 8 பிளாக். மூன்று குழிகளைக் கூட்டினாலும் 120க்கு 96. வித்தியாசம் 24, அதன் திட்டவிலக்கம் சுமார் 15. ஆகவே 20% என்பது ‘கொஞ்சம் வேலை செய்கிறது’ அல்ல, ‘இருக்கிறதா இல்லையா என்று இந்தத் தட்டு சொல்லாது’. ஒரே நாளில் வைத்த மூன்று குழிகளை மூன்று சோதனை என்று எண்ணாதீர்கள். தனித்தனி நாள்களில், புதிதாகப் பிரித்த செல்லில் மூன்று முறை.

அந்த 20% வந்த விதமும் சாற்றுக்கு அநியாயம். 2 மணி நேரம் வைத்துக் கழுவிவிட்டால், வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் பெருக்கும் நேரத்தில் மருந்தே இல்லை. வைரஸ் ஏறிய பிறகான சோதனையில் ஓவர்லேயிலும் மருந்து இருக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்.

90% பக்கம் வருவோம். வைரஸையும் சாற்றையும் கலந்து வைத்து அப்படியே ஊற்றினால் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்பும்: சாறு வைரஸ் துகளையே சிதைத்தது, துகள் செல்லில் ஒட்டுவதைத் தடுத்தது, செல்லுக்குள் ஏதோ செய்தது. பிரிக்கும் வழி இது. வைரஸ் மி.லி.க்கு 5×10⁴ பி.எஃப்.யூ. (பிளாக் உண்டாக்கும் துகள்), சாறு 50 மைக்ரோகிராம்/மி.லி., 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு 100 மடங்கு நீர்த்தால் சாறு 0.5 மைக்ரோகிராமாகிவிடும், அது எதுவும் செய்யாத அளவு, வைரஸ் 500. அதில் 100 மைக்ரோலிட்டர் எடுத்தால் குழிக்கு 50 பிளாக். இணையாக இரண்டு கட்டுப்பாடுகள் வேண்டும். ஒன்று, டி.எம்.எஸ்.ஓ.வோடு அதே ஒரு மணி நேரம் சூட்டில் இருந்த வைரஸ், ஏனென்றால் டெங்கு 37 டிகிரியில் தானாகவே வீரியம் இழக்கும். இரண்டு, முதலிலேயே நீர்த்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் 0.5 மைக்ரோகிராம் சாறு சேர்த்தது. நீர்த்த பிறகும் 90% குறைந்தால் அது வைரஸ் துகளைச் சிதைக்கும் வேலை. குறைவு மறைந்துவிட்டால் ஒட்டுதல்-நுழைவுப் பக்கம் தேடுங்கள்: 4 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் வைரஸ் ஒட்டும், உள்ளே போகாது, குளிர்ந்த பி.பி.எஸ்.ஸில் கழுவி 37க்கு மாற்றினால் நுழைவு மட்டும்.

நுழைவுத் தடை பார்க்கும்போது நியூ கினி சி.யை மட்டும் நம்பாதீர்கள். செல்லில் பலமுறை வளர்த்துப் பழகிய வைரஸ், செல் மேலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட்டில் அதிகமாக ஒட்டும். எதிர்மின்னூட்டம் உள்ள எந்தத் தாவரச் சர்க்கரைச் சங்கிலியும் அதைத் தடுத்துவிடும். குறைவான முறை வளர்த்த நோயாளி வைரஸில் அந்த வித்தை பலிக்காமல் போகலாம். டெங்குவின் நான்கு வகைகளும், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு நோயாளி வைரஸும் இருந்தால் நல்லது.

நேரவாரிச் சோதனைக்கு எம்.ஓ.ஐ. 1 (செல்லுக்கு ஒரு வைரஸ்), மருந்தை −2, 0, 2, 4, 6, 8, 12 மணியில் சேர்த்து, எல்லாவற்றையும் 24 மணியில் அறுவடை செய்யுங்கள், டெங்குவின் ஒரு சுற்று அவ்வளவுதான். மேல்நீரில் பிளாக்கும் ஆர்.டி.-பி.சி.ஆரும் (ஆர்.என்.ஏ. அளவு) இரண்டும் பாருங்கள். ஆர்.என்.ஏ. அப்படியே இருக்க பிளாக் மட்டும் விழுந்தால் துகள்கள் செத்துவிட்டன, உற்பத்தி நிற்கவில்லை என்று பொருள். 6 நாள் காத்திருக்க முடியாவிட்டால் 4ஜி2 ஆன்டிபாடியால் ஃபோகஸ் சோதனை (தொற்றிய செல் கூட்டங்களை நிறமேற்றி எண்ணுவது) செய்யலாம், 48 மணியில் முடியும். ஃபோகஸ் சிறியது என்பதால் குழிக்கு நூறு வரை எண்ணலாம், மேலே சொன்ன வர்க்கமூலத் தொல்லையும் குறையும்.

நேர்க் கட்டுப்பாடாக (வேலை செய்யும் என்று தெரிந்த மருந்தாக) ரிபாவிரின் வைக்கிறவர்கள் உண்டு. வீரோ செல் அதைச் சரியாகப் பாஸ்பேட் ஏற்றுவதில்லை, எனவே பலவீனமாகத் தெரியும். ஆர்.என்.ஏ. பெருக்கத்துக்கு என்.ஐ.டி.டி.008, நுழைவுக்கு ஹெப்பரின் வையுங்கள்.

பதில்: நொதிமேசை

குவெர்செட்டின் முடிவை அறிக்கையில் போடும் முன் அதன் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். 370 நானோமீட்டர் அருகில் அதற்கு ஒரு பெரிய முகடு. ஏ.எம்.சி. (நொதி வெட்டி விடுவித்ததும் ஒளிரும் சாயம்) அடிமூலக்கூறு வைத்திருந்தால் நீங்கள் தூண்டும் ஒளியும் 360-380தான். ஏ.எம்.சி.க்குப் போய்ச் சேர வேண்டிய ஒளியைக் குவெர்செட்டின் குடித்துவிடுகிறது, கருவி ‘தடுப்பு’ என்று காட்டுகிறது. நொதியே வேண்டாம்: தயாராக விற்கும் ஏ.எம்.சி.யை 5 மைக்ரோமோலார் எடுத்து, 25 மைக்ரோமோலார் குவெர்செட்டின் சேர்த்து ஒளிர்வைப் படியுங்கள். எவ்வளவு விழுகிறதோ அவ்வளவும் போலி.

அடுத்தது திரள்தல். குவெர்செட்டின் நீரில் கூழ்மத் துகளாகத் திரண்டு, கண்ட நொதியையெல்லாம் மேலே ஒட்டவைத்துச் செயலிழக்க வைக்கும். 0.01% டிரைட்டான் எக்ஸ்-100 சேர்த்து மறுபடி அளந்து, தடுப்பு காணாமல் போனால் அந்தப் பொருளைக் கைவிடுங்கள். டிரிப்சினையும் அதே தட்டில் வையுங்கள். இரண்டையும் ஒரே அளவில் தடுத்தால் அது டெங்குவுக்கான மருந்து அல்ல.

பஃபர் பி.எச். 8.5 அல்லது 9 வைத்திருப்பீர்கள், இந்தப் புரோட்டியேஸ் கேட்பது அது. அந்தக் காரத்தில் பாலிஃபீனால் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். கேட்டலேஸ் சேர்த்த குழி ஒன்று வையுங்கள். செல் ஊடகத்திலும் இதே கதைதான் என்பதால், செல்லறை சொன்ன நச்சுச் சோதனைக்கும் இது பொருந்தும்.

டாக்கிங் போதுமா என்றால், போதாது. எந்த அமைப்பில் செய்தீர்கள்? 2எஃப்ஓஎம் (புரத அமைப்புத் தரவுத்தள எண்) என்றால் அது தடுப்பான் இல்லாத திறந்த வடிவம். அதில் என்.எஸ்.2பி.யின் வால் வினைமையத்திலிருந்து விலகி நிற்கிறது. டெங்கு-3இன் 3யூ1ஐ, தடுப்பானோடு மூடிய வடிவம். எதில் செய்தாலும், ஹிஸ்டிடின் 51, ஆஸ்பார்டேட் 75, செரின் 135 இருக்கும் அந்தப் பள்ளம் ஆழமில்லாதது. இரண்டு ஆர்ஜினின் வரிசையாக வந்தால் பிடிக்கும் இடம். ஹைட்ராக்சில் நிறைந்த எந்த ஃபிளவனாய்டும் அங்கே −8, −9 வாங்கும். இந்த நொதியைத் தடுக்காது என்று தெரிந்த பத்துப் பொருள்களையும் சேர்த்து டாக் செய்து பாருங்கள், அந்த −9.1க்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிடும்.

வெண்தட்டு:

மூவருக்கும் நன்றி. செல் இல்லாத குழியில் எம்.டி.டி. போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு மணி நேரத்தில் கருஊதா. ஏ.எம்.சி. அடிமூலக்கூறுதான் எங்களுடையதும். டாக்கிங் 2எஃப்ஓஎம்மில்.

ஒரு சந்தேகம். வைரஸ் துகளைச் சிதைப்பதும் எதிர்ப்புச் செயல்தானே? அதை ஏன் குறைவாகப் பார்க்க வேண்டும்?

பதில்: சூரணப்பெட்டி

சிதைப்பதில் தவறில்லை, எது சிதைக்கிறது என்பதுதான் கேள்வி. டானின் புரதத்தைப் பிடித்துப் படிய வைக்கும், சபோனின் கொழுப்புச் சவ்வைக் கிழிக்கும். டெங்குவுக்கு உறை இருப்பதால் இரண்டுமே தட்டில் ஜோராக வேலை செய்யும். வாய் வழியாகப் போனால் டானின் குடலில் கண்ட புரதத்தோடு ஒட்டி அங்கேயே நின்றுவிடும். ரத்தத்தில் இருக்கும் வைரஸை அது பார்க்கப் போவதே இல்லை. சாற்றை, டானினைப் பிடிக்கும் பி.வி.பி.பி. தூளோடு குலுக்கி, சுழற்றி, மேல்நீரை மட்டும் சோதியுங்கள். 90% பறந்துவிட்டால் அது நிலவேம்பின் குணம் அல்ல, டானினின் குணம். கடுக்காயும் தேயிலையும் அதைச் செய்யும்.

சாறு எது என்பதையும் இன்னும் சொல்லவில்லையே. நாட்டு மருந்துக் கடைப் பொடி என்றால் அதில் தண்டு எவ்வளவு, இலை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆண்ட்ரோகிராஃபோலைடு இலையில்தான் அதிகம். பூக்கத் தொடங்கும் பருவத்தில் செடியோடு எடுத்து, ஒரு மாதிரியை ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகம்) கொடுத்து எண் வாங்குங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலப் பிரிவு இருக்கிறது, திருச்சியில் ராபினாட் ஹெர்பேரியம். அந்த எண் இல்லாத கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

எச்.பி.எல்.சி.யில் (பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) 223 நானோமீட்டரில் ஆண்ட்ரோகிராஃபோலைடை அளந்து சதவீதத்தைக் குறிப்பிடுங்கள். சாற்றில் 10% இருந்தால் 50 மைக்ரோகிராமில் 5 மைக்ரோகிராம், அதாவது 14 மைக்ரோமோலார். வாங்கி வைத்திருக்கும் தூய பொருளை அதே 14இல் தனியாகச் சோதித்தால், சாற்றின் வேலையில் அதன் பங்கு எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எத்தனால் சாற்றை வைத்து ‘நிலவேம்புக் குடிநீர்’ என்று தலைப்புப் போடாதீர்கள். குடிநீர் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். தண்ணீரில் கொதிக்கவைத்துக் கால்பங்காகச் சுண்டவைப்பது. எத்தனாலில் இறங்குவதெல்லாம் தண்ணீரில் இறங்காது.

பதில்: வார்டுசுற்று

சூரணப்பெட்டியின் கணக்கை வார்டு வரை நீட்டுகிறேன். சம பாகமாகச் சேர்த்த சூரணம் 5 கிராம் என்றால் அதில் நிலவேம்பு 0.55 கிராம். 2% ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று வைத்து, முழுவதும் தண்ணீரில் இறங்கியதாகவே கொண்டாலும் 11 மி.கி. மனிதர்களுக்கு 20 மி.கி. கொடுத்து அளந்தபோது ரத்தத்தில் உச்சம் சுமார் 1 மைக்ரோமோலார். ஹெப்-ஜி2, ஹீலா செல்களில் டெங்கு-2க்கு எதிராக வெளியான இ.சி.50 மதிப்போ 21-23 மைக்ரோமோலார். இருபது மடங்குக்கு மேல் இடைவெளி. தட்டில் வரும் எந்த எண்ணையும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே மகிழ வேண்டும்.

ஆண்ட்ரோகிராஃபோலைடின் லாக்டோன் வளையம் தயால் (கந்தக) குழுக்களோடு வினைபுரியும் என்பதையும் மறக்க வேண்டாம். குளூட்டாதயோனோடு முன்பே கலந்துவைத்தால் செயல் போய்விடுகிறதா என்று பாருங்கள். செல்லின் தற்காப்புப் பாதையைத் தூண்டி அது வேலை செய்கிறது என்ற வாதமும் உண்டு. அதை வீரோவில் முழுதாகச் சோதிக்க முடியாது, வீரோவுக்கு முதல்வகை இன்டர்ஃபெரான் சுரக்கும் மரபணுக்களே இல்லை. ஹூ-7 அல்லது ஏ549 போன்ற மனிதச் செல் வேண்டும்.

தாவரத்திலிருந்து வந்து மனிதச் சோதனை வரை போன டெங்கு மருந்து எப்படி நின்றது என்று பார்த்தால் நிறையப் புரியும். ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் விதையில் கிடைக்கும் காஸ்டனோஸ்பெர்மின், அதிலிருந்து செய்த செல்கோசிவிர். செல்லின் ஆல்ஃபா-குளூக்கோசிடேஸைத் தடுத்து, வைரஸ் புரதங்கள் சரியாக மடியாமல் செய்வது. எலியில் நன்றாக வேலை செய்தது. சிங்கப்பூரில் 2012-13இல் 50 நோயாளிகள்: முதல் வேளை 400 மி.கி., பிறகு 12 மணிக்கு ஒருமுறை 200. பாதுகாப்பில் குறையில்லை, வைரஸ் அளவும் காய்ச்சலும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. காய்ச்சலோடு நோயாளி வந்து சேரும்போது வைரஸ் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருக்கும். மருந்துக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நாள்தான். எலிச் சோதனையில் வைரஸ் கொடுத்த அன்றே மருந்தும் கொடுத்தால் இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது. ஏ.ஜி.129 எலி (இன்டர்ஃபெரான் ஏற்பி இல்லாத வகை) வைத்திருப்பவர்கள் ஒரு குழுவுக்காவது 24 அல்லது 48 மணி தாமதித்துத் தொடங்குங்கள்.

பப்பாளி இலையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதில் பார்த்தது தட்டணுக்களை, வைரஸை அல்ல. டெங்குவில் தட்டணு ஆறேழு நாளில் தானாகவே ஏறும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ஐந்தாம் நாளில் எதைக் கொடுத்தாலும் ஏழாம் நாளில் அது ‘பலன்’ தரும்.

கேள்வி: சும்மாபடிப்பவர்

அப்போ காய்ச்சலுக்கு நிலவேம்பு குடிக்கக் கூடாதா?

பதில்: வார்டுசுற்று

குடிக்கலாமா என்பதற்கு இந்தத் தட்டில் விடை இல்லை. குடித்துவிட்டோம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கூடாது. காய்ச்சல் விடும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறு ரத்தம், அசதி, சிறுநீர் குறைவு என எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

வெண்தட்டு:

அறிக்கையைத் திருத்துகிறோம். கடைசியாக ஒன்று. ஓவர்லேயில் சாறு சேர்த்தால் 6 நாளும் அதே அளவு இருக்குமா? குவெர்செட்டின் 37 டிகிரியில் சீக்கிரம் சிதையும் என்கிறார்களே.

பதில்: பிளாக்கணக்கு

இருக்காது. குவெர்செட்டின் ஊடகத்தில் ஆறு நாள் என்ன, அன்று சாயங்காலம் வரை தாங்கினாலே பெரிது. அதனால்தான் ஃபோகஸ் சோதனை, 24-48 மணி. செல் இல்லாத குழியில் ஊடகத்தோடு வைத்து 0, 1, 4, 24 மணியில் எடுத்து எச்.பி.எல்.சி.யில் ஓட்டுங்கள். மிச்சம் எவ்வளவு என்று அட்டவணையாகப் பின்னிணைப்பில் கொடுத்தால் போதும். 2% சி.எம்.சி. கரைசலில் சாற்றை நேரடியாகச் சேர்த்துக் கலக்க முடியாது, கட்டிகட்டியாக நிற்கும். இரட்டை வலுவில் சாறு கலந்த ஊடகம் ஒரு பங்கு, 3% சி.எம்.சி. ஒரு பங்கு, கலந்து 15 நிமிடம் குலுக்கிவிட்டுக் குழிக்கு 1 மி.லி. டி.எம்.எஸ்.ஓ. கணக்கையும் அந்தப் பாதி நீர்ப்புக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.